லோடு ஒன்று, எடை இருபத்து நாலு கிலோ

சட்டத்தை மீறி மாட்டிக்கொண்டவர்களின் கதை எங்கேயும் கிடைக்கும். சட்டத்தை மதிக்கப் போய் மாட்டிக்கொண்ட ஒருவனின் கதை இது. அவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பிறந்த நாட்டில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன், ஏழு வருஷங்களுக்கு முன் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு இன்னொரு நாட்டுக்கு வந்து, அங்கேயும் அதையே பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாட்டில் பேசுகிற மொழி வேறு. ஆனால் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எந்த மொழியில் பேசினாலும் நமக்குப் பழகின பேச்சாகவே இருக்கும் என்பதால், எல்லாவற்றையும் நம் மொழியிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றும் குறைந்துபோகாது.

வந்த இடத்தில் வம்பு கூடாது என்பது மெக்கானிக்கின் கொள்கை. கொள்கை என்பது பெரிய வார்த்தை, பயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய வசிப்பு அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருப்பவனுக்குத்தான் அந்தப் பயம் புரியும். ஆளே இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பான். ஒருநாள் விளக்கு பழுதாகிச் சிவப்பிலேயே நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் அவனும் நின்றான்.

அவனிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அவனிடம் இருந்தது என்றுதான் சொல்ல முடியும். அவனுடையது என்று சொல்ல முடியாது. அந்த நாட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வண்டியை வாங்கலாம், ஓட்டலாம், துடைக்கலாம், இடித்துவிட்டால் பொறுப்பும் ஏற்கலாம். சொந்தக்காரர் ஆக மட்டும் முடியாது. பதிவு அட்டையில் அவன் பெயருக்கு எதிரே 'உரிமையாளர் போன்றவர்' என்று அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். மனைவி அதைப் படித்துவிட்டு, "நம்ம வீட்டுலயும் அப்படித்தானே?" என்றாள்.

உரிமையாளர் போன்றவர்கள் வருஷா வருஷம் வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போய், வண்டி அதே வண்டிதான், ஆளும் அதே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும். ஒரு வருஷம் மீசையை எடுத்துவிட்டுப் போயிருந்தான். "வண்டி சரியா இருக்கு. ஆள்லதான் மாற்றம் செஞ்சிருக்கீங்க, அதுவும் முன் அனுமதி இல்லாம" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் மீசை வளர்த்துக்கொண்டு போனான். அதே ஆள் என்று முத்திரை விழுந்தது.

இவ்வளவு அனுபவம் இருந்தும் அவன் மறுபடி அந்த அலுவலகத்துக்குத் தானாகவே போனான் என்றால், காரணம் அவன் மகள்.

அவளுக்கு எட்டு வயது. பேச ஆரம்பித்த நாளிலிருந்து நிறுத்தாததால் வீட்டில் வாயாடி என்றே பெயர். இடது காலில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கம்பியும் தோல்பட்டையுமாக ஒரு காலிப்பர் போட்டிருந்தாள். இன்னும் இரண்டு வருஷத்துக்கு முட்டி மடங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நீட்டிய காலோடு மோட்டார் சைக்கிளில் உட்கார முடியாது. பள்ளிக்கூட பஸ் அவர்கள் தெருவுக்கு வராது. வருகிற இடத்தில் ஆறு படி ஏற வேண்டும். அம்மா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விடுவாள். தினமும் வாடகைக் கார் வைக்க அப்பா கட்டடத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, அதிலிருக்கும் லிஃப்டுக்கு எண்ணெய் போடுகிறவர். மூன்று வருஷமாக விண்ணப்பம் போட்டு, அவள் காலுக்கு ஏற்ற சாய்வுப் பாதையும் கைப்பிடியும் உள்ள ஒரே பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் இடம் கிடைத்திருந்தது. கூடவே ஒரு கடிதம்: பள்ளி திறந்து பத்து வேலை நாட்களுக்குள் பிள்ளை வர வேண்டும். தினமும் எந்த வாகனத்தில் வரும் என்பதையும் எழுதித் தர வேண்டும். தவறினால் இடம் வரிசையில் அடுத்த பிள்ளைக்குப் போகும்.

அப்போதுதான் வெல்டர் அண்ணன் உள்ளே வந்தார். அதே தெருவில் இரும்புக் கதவு செய்யும் பட்டறை வைத்திருந்த நம் மொழிக்காரர். ஒரு வாரத்தில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைப் பூட்டி, அதற்கு ஒரு சக்கரமும் வைத்துக் கொடுத்தார். உள்ளே மெத்தை, பெல்ட், நீட்டிய கால் வைக்கத் தோதாக ஒரு பலகை. வாயாடி ஏறி உட்கார்ந்து, காலை நீட்டி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "கிளம்பலாம்" என்றாள். மெக்கானிக் கிளம்பவில்லை.

"பர்மிஷன் வாங்கணுமே அண்ணே" என்றான்.

வெல்டர் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "தம்பி, இந்த ஊர்ல இந்த மாதிரி நாப்பது பெட்டி பூட்டிக் குடுத்திருக்கேன். ஒருத்தன் போய் பர்மிஷன் கேட்டதில்ல. ஒரு போலீஸ்காரரும் கேட்டதில்ல. போன மாசம் ஒரு போலீஸ்காரருக்கே பூட்டிக் குடுத்தேன். ஸ்கூல்ல மோட்டார் சைக்கிள்னு ஒரு வார்த்தை எழுதிக் குடு, முடிஞ்சுது."

"நாளைக்கு யாராவது நிறுத்திக் கேட்டா?"

"கேட்டா சிரி."

"சிரிச்சா வசிப்பு அட்டையைப் புதுப்பிச்சுத் தருவாங்களாண்ணே?"

பள்ளி திறந்த அன்று காலை, மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், மோட்டார் சைக்கிளைப் பெட்டியோடு ஓட்டிக்கொண்டு மெக்கானிக் வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனான்.

மூன்றாம் கவுண்ட்டரில் ஓர் அம்மாள் இருந்தார். இருசக்கர வாகனங்கள் அவர் பொறுப்பு.

"மேடம், என் வண்டிக்கு ஒரு சக்கரம் கூடுதலா வச்சிருக்கேன். அதைப் பதிவு பண்ணணும்."

"யார் புடிச்சாங்க?"

"யாரும் புடிக்கல. நானா வந்தேன்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. உள்ளே திரும்பி, "இங்க வந்து பாரேன், தானா வந்திருக்கார்" என்று கூப்பிட்டார். நாலைந்து பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் அவன் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்காத குறைதான்.

"மொத்தம் எத்தனை சக்கரம்?" என்றார் அம்மாள்.

"மூணு."

"நான் ரெண்டுதான் பார்ப்பேன். மூணு அஞ்சாம் கவுண்ட்டர்."

ஐந்தாம் கவுண்ட்டர்காரர் வசிப்பு அட்டையை வாங்கிப் பார்த்தார். "மூணு சக்கரம்னா வாடகை வண்டி. வெளிநாட்டுக்காரங்க வாடகை வண்டி வச்சுக்கக் கூடாது."

"வாடகைக்கு இல்ல சார். என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போக."

"அப்ப அது மூணு சக்கரம் இல்ல. மூணாம் கவுண்ட்டருக்குப் போங்க."

மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே அவன் ஆறு தடவை நடந்தான். நாலாம் கவுண்ட்டர் மூடியிருந்தது. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து கண்ணாடி வழியாகக் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு சக்கரமும் இல்லை, மூன்று சக்கரமும் இல்லை, ஆகையால் அவன் கொண்டு வந்திருப்பது வாகனமே இல்லை. இந்த முடிவு எழுத்தில் தரப்பட்டது. அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், வாகனமே இல்லாத அந்தப் பொருளின் மேல் 'வாகனத்தைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்காக' ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று: 'பரிசீலனையில் உள்ளது. முடிவு தெரியும்வரை ஓட்டக் கூடாது.'

"வண்டியே இல்லன்னு சொல்லிட்டீங்களே, இதை ஏன் ஓட்டக் கூடாது?" என்று அவன் காவலாளியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

வீட்டு வாசலில் வாயாடி புதுச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். "என்னப்பா, அதுக்கும் நடக்க முடியலையா?" என்று கேட்டாள். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு வண்டியைக் கழுவப் போனான்.

பரிசோதனைக்கு ஏழாம் நாள் தேதி கொடுத்தார்கள். கூடவே ஒரு குறிப்பு: மாற்றத்துக்கு முந்தைய நிலையிலும் பிந்தைய நிலையிலும் வண்டியைக் காட்ட வேண்டும். மெக்கானிக்கும் வெல்டர் அண்ணனும் வண்டியைத் தள்ள, பெட்டியில் அமரும் ஆளும் நேரில் வர வேண்டும் என்று குறிப்பில் இருந்ததால் வாயாடி வெல்டர் அண்ணனின் தள்ளுவண்டியில் வந்தாள். தள்ளுவண்டியை அண்ணனின் மனைவி தள்ளினார். ஊர்வலம் என்றால் அதுதான் ஊர்வலம்.

பரிசோதனை மைதானத்தில் சுவருக்குச் சுவர் போர்டு: 'வளாகத்துக்குள் வாகனத்தில் எந்த மாற்றமும் செய்வது தண்டனைக்குரிய குற்றம்.' ஆகவே வாசலுக்கு வெளியே வைத்துப் பெட்டியைக் கழற்றினார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போய், இதுதான் முந்தைய நிலை என்று காட்டினார்கள். பரிசோதகர் ஒரு கட்டத்தில் குறி போட்டார். திரும்ப வெளியே தள்ளிப் பெட்டியைப் பூட்டி, உள்ளே கொண்டு வந்து, இதுதான் பிந்தைய நிலை என்று காட்டினார்கள். இன்னொரு குறி விழுந்தது. மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பரிசோதகர் யோசனையில் ஆழ்ந்துவிட்டார்.

"என்ன சார்?" என்றான் மெக்கானிக்.

"முன்னாடி இருந்ததைப் பார்த்தேன். பின்னாடி இருக்கறதையும் பார்த்தேன். நடுவுல மாற்றம்னு ஒண்ணு நடந்ததை நான் பார்க்கலையே. வேற வண்டியக் கொண்டு வந்து காட்டினீங்கன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"உள்ள வச்சுப் பூட்டினா குத்தம்னு போர்டு இருக்கே சார்."

"இருக்கு. நான்தான் வைக்கச் சொன்னேன்."

"அப்ப நீங்க வெளிய வந்து பாருங்க."

"வளாகத்துக்கு வெளிய நான் பரிசோதகர் இல்ல. சாதாரண ஆள். சாதாரண ஆள் பார்த்ததை நான் எப்படி எழுதறது?"

வெல்டர் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மெக்கானிக் அவர் கையைப் பிடித்து அழுத்தினான். வழி சொன்னது வாயாடிதான். "அங்கிள், நீங்க கேட்டுலயே நில்லுங்க. ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. உள்ள இருக்கற காலால பரிசோதகர், கண்ணு மட்டும் வெளிய பார்க்கட்டும்."

பரிசோதகர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கண்ணைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அப்படியே வாசற்கோட்டின் மேல் கால்களை அகட்டி நின்றுகொண்டு, அவர்கள் இரண்டாவது தடவையாகக் கழற்றிப் பூட்டுவதை முழுவதும் பார்த்தார். பாவம், கடமை தவறாத மனிதர். வெயிலில் அவருக்கும் தலை சுற்றியது.

அடுத்து ஓட்டம். பரிசோதகரே ஏறி மைதானத்தைச் சுற்றினார். வளைவில் காலிப் பெட்டியின் சக்கரம் தரையை விட்டு மேலே கிளம்பியது. "எடை வேணும்" என்றார்.

"நான் ஏறிக்கறேன்" என்றாள் வாயாடி. அதற்காகத்தானே வந்திருந்தாள்.

"அனுமதி கிடைக்காத வண்டியில ஆள் ஏறக் கூடாதும்மா."

"ஆள் ஏறாம எப்படி அனுமதி குடுப்பீங்க?"

"அதுக்குத்தான் மணல் மூட்டை வச்சிருக்கோம்."

ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து அவள் எடையைக் குறித்துக்கொண்டு, சரியாக இருபத்து நாலு கிலோ மணலை ஒரு கோணியில் கட்டி மெத்தையில் உட்கார வைத்தார்கள். பெல்ட்டும் போட்டுவிட்டார்கள். மணல் மூட்டை மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றி வந்தது. ஏழு நாளாக அந்த இடத்தில் உட்காரத் தவித்துக்கொண்டிருந்த பெண், தள்ளுவண்டியில் இருந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்ததை மெக்கானிக் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தான். சட்டத்தை மதிக்கிறேன் என்று கிளம்பி வந்த தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

பரிசோதகர் இறங்கி வந்து திருப்தியோடு எழுதினார்: 'ஒரு லோடுடன் நன்றாக ஓடுகிறது.'

அறிக்கை துணை இயக்குநரின் மேஜைக்குப் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. ஒன்பதாம் நாள் மெக்கானிக், ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்த மனைவி, வாயாடி மூவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். துணை இயக்குநரின் அறை மூன்றாவது மாடியில். லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அட்டையே மஞ்சளாகிப் போயிருந்தது. மெக்கானிக் கதவில் காதை வைத்துக் கேட்டான். என்ன கோளாறு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பத்து நிமிஷ வேலை. கருவிப் பையும் தோளில்தான் இருந்தது.

"அங்கீகாரம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் தொடணும்" என்றார் காவலாளி.

"அவர் எப்ப வருவார்?"

"அங்கீகாரம் கிடைச்சதும் வருவார்."

மகளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினான். காலிப்பரின் கம்பி அவன் விலாவில் குத்திக்கொண்டே வந்தது.

துணை இயக்குநர் நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்று, மூவருக்கும் நாற்காலி போடச் சொன்னார். சுவரில் ஒரு பெரிய கேடயம் மாட்டியிருந்தது. அதைக் காட்டித்தான் பேச ஆரம்பித்தார்.

"இது எங்களுக்குத் தொடர்ந்து பதினோராவது வருஷமா கிடைக்குது. பெட்டி பூட்டின மோட்டார் சைக்கிள்ல ஒரு விபத்துகூட நடக்காத மாவட்டம். எப்படி சாதிச்சோம்னு எல்லாரும் கேக்கறாங்க. ரொம்ப சுலபம். பெட்டி பூட்டின மோட்டார் சைக்கிள் ஒண்ணுக்குக்கூட நாங்க அனுமதி குடுத்ததில்ல. பதிவேட்டுல வண்டியே இல்லன்னா விபத்து எங்கேர்ந்து வரும்? நடந்தாலும் அது எங்க கணக்குல வராது. சில பேர் எங்களைப் பத்தித் தப்பா பேசறாங்க, மக்களை அலைய விடறோம்னு. நான் கேக்கறேன், இந்தக் கட்டடத்துக்குள்ள அலையற நேரத்துல யாராவது வண்டி ஓட்டறாங்களா? இல்ல. அப்ப அவ்வளவு நேரமும் அவங்க பாதுகாப்பா இருக்காங்கன்னுதானே அர்த்தம்? அதை யாரும் பாராட்டறதில்ல."

தண்ணீர் குடித்தார்.

"சார், நாளைக்குப் பத்தாம் நாள்" என்றான் மெக்கானிக். "நாளைக்கு இவ போகலன்னா இடம் போயிடும்."

"தெரியும். அதனாலதான் உங்க ஃபைலை நானே படிச்சேன்" என்று அறிக்கையைத் திறந்தார். "ஆளை ஏத்தறதுக்கு அனுமதி குடுக்க முடியாது. கேடயம் போயிடும். ஆனா பரிசோதகர் லோடு வச்சு ஓட்டிப் பார்த்துச் சரியா இருக்குன்னு எழுதியிருக்கார். லோடு வண்டிக்கு வெளிநாட்டுக்காரங்களுக்குத் தடை இல்ல, சொந்த உபயோகத்துக்கு. இன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன்."

"லோடு வண்டில என் பொண்ணை எப்படி சார்..."

"லோடுன்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா லோடு. எடை சரியா இருந்தாப் போதும். லோடு பேசுமா பேசாதான்னு விதியில எங்கயும் சொல்லல."

மனைவி எழுந்துவிட்டாள். "என் புள்ளை லோடா?"

"கோபப்படாதீங்கம்மா. மனுஷங்களை மதிக்கற துறை இது. அதனாலதான் மனுஷங்களை ஏத்த விடறதில்ல."

மெக்கானிக்குக் காகிதத்தைப் பார்க்கவே கூசியது. ஏழு வருஷமாக இந்த நாடு நீட்டிய எத்தனையோ காகிதங்களில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவன்தான். தன்னை உரிமையாளர் போன்றவர் என்றார்கள், போட்டான். அதே ஆள் இல்லை என்றார்கள், மீசை வளர்த்தான். ஆனால் இது அவன் பெண்ணைப் பற்றிய காகிதம். எழுந்து போய்விடலாம் என்று மனைவியின் கண் சொன்னது. அவனுக்கும் அதுதான் சரி என்று பட்டது. எழுந்தேவிட்டான்.

"அங்கிள், லோடு பள்ளிக்கூடம் போகலாமா?" என்று வாயாடி கேட்டாள்.

"லோடு எங்க வேணா போகலாம்மா. தடையே கிடையாது."

"அப்ப நான் லோடு. குடுங்க பேனாவை."

படிவத்தை அவளே நிரப்பினாள். பொருளின் பெயர் என்ற இடத்தில் வாயாடி என்று எழுதினாள். எண்ணிக்கை ஒன்று. எடை இருபத்து நாலு. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்ற இடத்தில், சந்தேகத்துக்கு இடம் வைக்காமல், ஒரு தலையும் இரண்டு ஜடையும் படம் வரைந்தாள். மெக்கானிக் கீழே கையெழுத்துப் போட்டான். பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கிளார்க் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டான். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டச் சொல்லிச் சிவப்பு எழுத்தில் 'லோடு வண்டி' என்று ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள்.

பத்தாம் நாள் காலை, வாயாடி அந்தப் பெட்டியில் ஏறிக் காலை நீட்டி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். எதிரே வந்த பஸ், ஓரத்தில் நின்ற மரம், தலையைத் திருப்பிப் பார்த்த நாய் எதையும் விடவில்லை. மெக்கானிக்குக் காற்றில் பாதிதான் கேட்டது. அவன் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டு ஓட்டினான்.

பள்ளிக்கூட முன்வாசலில் காவலாளி ஸ்டிக்கரைப் பார்த்துக் கையைக் குறுக்கே நீட்டினார். "லோடு வண்டி முன்னாடி வரக் கூடாது. பின்வாசல்."

பின்வாசலில் ஸ்டோர் ரூம். தரை துடைக்கும் திரவ டப்பாக்களும் காகிதக் கட்டுகளும் இறங்கிக்கொண்டிருந்தன. ஸ்டோர்கீப்பர் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து ரசீது எழுதிக்கொண்டிருந்தார். அவர்கள் முறை வந்ததும் கையை நீட்டினார். மெக்கானிக் அலுவலகக் காகிதத்தைக் கொடுத்தான். அவர் படித்தார். வாயாடியைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடமும் அரசாங்கப் பள்ளிக்கூடம்தான், அவருக்கு இதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை.

"எண்ணிக்கை ஒண்ணு. சரி. எடை இருபத்து நாலு. சரி." பேனா ரசீதில் கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றது. "சேதம்?"

கண்ணாடிக்கு மேலாக அவள் காலைப் பார்த்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வரும்போதே இருந்த ஒடுக்கையும் உடைசலையும் எழுதாமல் விட்டால் பிறகு பழி அவர் தலையில் விழும்.

மெக்கானிக்கின் கை தன்னை அறியாமல் தோள்பைக்குள் போனது. டாக்டர் சீட்டு, எக்ஸ்ரே, சான்றிதழ் நகல் எல்லாம் அதில் இருந்தன. எட்டு வருஷமாக எந்தப் படிவத்தில் இந்தக் கட்டம் வந்தாலும் அவன் தலையைக் குனிந்துகொண்டு நீளமாக எழுதிக் கொடுத்துத்தான் பழக்கம். பிறவியிலேயே என்று ஆரம்பிப்பான். பள்ளிக்கூட விண்ணப்பத்தில்கூட இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தான்.

"சேதம் இல்ல" என்றாள் வாயாடி.

"அப்ப அந்தக் கம்பி?"

"கம்பியும் சேர்த்துத்தான் இருபத்து நாலு கிலோ. அது லோடுல சேர்ந்தது. சேதம் ஒண்ணும் இல்ல, எழுதிக்குங்க."

ஸ்டோர்கீப்பர் ஒரு நிமிஷம் யோசித்தார். எடை ஒத்துப்போகிறது. எடை ஒத்துப்போனால் அவருக்கு வேறு கேள்வி கிடையாது. குனிந்து, நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'சேதம் இல்லை. நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது.' முத்திரை குத்தி, தாளைக் கிழித்து மெக்கானிக்கிடம் நீட்டினார்.

அதற்குள் வாயாடி இறங்கிச் சாய்வுப் பாதையில் நடக்க ஆரம்பித்திருந்தாள். இரண்டாம் வகுப்பு எந்தப் பக்கம் என்று யாரையோ அதட்டிக் கேட்பது உள்ளே இருந்து கேட்டது. மெக்கானிக் தாளைப் படித்தான். கண் மறைத்ததால் திரும்பப் படித்தான். எட்டு வருஷத்தில் அவன் பெண்ணைப் பற்றி எழுதப்பட்ட காகிதங்களிலேயே உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான் என்று அவனுக்குத் தோன்றியது. நாலாக மடித்து, வசிப்பு அட்டையை எடுத்துத் தோள்பைக்குள் போட்டுவிட்டு, அது இருந்த சட்டைப் பையில் ரசீதை வைத்துக்கொண்டான்.

"மூணு மணிக்குத் திருப்பி எடுத்துட்டுப் போறதுக்கு வேற படிவம் வேணும்!" என்று ஸ்டோர்கீப்பர் பின்னாலிருந்து கத்தினார். "திருப்பி அனுப்பறதுக்குக் காரணம் எழுதணும்! அதிகாரி ஒப்புதல் வேணும்!"

எந்தக் கவுண்ட்டர் என்று மெக்கானிக் கேட்கவில்லை. வண்டியைக் கிளப்பி, முன்வாசல் வழியாகவே வெளியே போனான்.